இடது மூன்று, மதகு

எஸ்கோட் வாங்கிய வருடம்
எங்களுக்கு மூன்று இடத்தில் கடன் இருந்தது.
மூன்றாம் கை வண்டி. மஞ்சள்.
நாய் கவ்விய எலும்பு மாதிரி முன்முகம்.
பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள்,
டிக்கியில் படுவான்கரை நெல் இரண்டு மூடை.
மண்முனைப் பாதையில் ஏற்றினால்
பின்பக்கம் தாழ்ந்து
மூக்கு வானத்தைப் பார்க்கும்.

பார்த்தலோட்டின் கராஜ் சுவரில்
அதே கார்
ஒரு சில்லும் நிலத்தில் படாமல்
பின்லாந்துக் காட்டின் நடுவே தொங்கியது.
"மிஸிஸ் வரதன், இது உங்கட காரின்ட அக்கா"
என்றார் எட்மண்ட், கிறீஸ் விரலால் தொட்டு.
அன்றிரவு வரதன் சோற்றில் கை வைத்தபடி
பெற்றோல் கணக்குப் பார்த்தார்.

நான் கச்சேரியில் சுருக்கெழுத்தாளர்.
ஏஜன்ட் ஐயா இருமினாலும் எழுதிவிடுவேன்.
ஆகவே பக்கத்து இருக்கை எனக்கு.
செங்கலடியிலிருந்து மகா ஓயா வரைக்கும்
மூன்று ஞாயிறு மெதுவாய்ப் போய்வந்தோம்.
வளைவுக்கு ஒரு கோடு,
குழிக்கு ஒரு புள்ளி,
மாடு படுக்கும் இடத்துக்கு ஒரு கொக்கி.
கொப்பி அட்டையில் மகளின் பெயர்,
இரண்டாம் வகுப்பு, சுற்றாடல்.

ராலி இரவு பின் இருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்தோம்.
சின்னவன் அதில் நித்திரை.
"இடது மூன்று, மதகு, நம்பு."
"வலது ஐந்து, மணல், நம்பாதே."
கரடியனாறு கடக்கையில் ஒரு விளக்குச் செத்தது.
புல்லுமலையில் கார் எழும்பியது.
எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள்.
வரதன் ஒரு முழம் என்பார்,
எட்மண்ட் ஆளுயரம் என்று ஊரெல்லாம் சொன்னார்,
அவர் அங்கே இருக்கவும் இல்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில்
என் பென்சில் மடியிலிருந்து கிளம்பி
கண்ணுக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றது.

ஏழாவதாக வந்தோம்.
திங்கள் காலை இருக்கையைப் பூட்டிப்
பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினோம்.

பிறகு அந்தத் தெருவை
வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்று மூன்று. செங்கலடியில் ஒரு செத்தவீடு.
கறுத்தப்பாலத்துச் சென்றியில்
ஆமிப் பொடியன் ஒருவன்
டாஷ்போட் தட்டில் கொப்பியைக் கண்டான்.
கோடு. புள்ளி. கொக்கி.
நடுவில் தமிழில் கரடியனாறு, புல்லுமலை.
அவனிடத்தில் நான் நின்றிருந்தாலும்
துவக்கைத் தூக்கியிருப்பேன்.
வரதனை ஒரு பக்கம் நிறுத்தினார்கள்,
என்னை ஒரு பக்கம்.
வாசி என்றார்கள்.

மண்மூடைகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன்.
அதை மெதுவாக வாசிக்க எனக்குத் தெரியாது.
இடதுமூன்றுமதகுநம்பு
வலதுஐந்துமணல்நம்பாதே
மூச்சு எடுக்கும் இடம் புல்லுமலைக்குப் பிறகுதான்.

கோப்ரல் ஒருவர் வந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து காரின் முகத்தைப் பார்த்தார்.
"எஸ்கோட்" என்றார்.
சின்ன வயதில் பண்டாரவளையில்
மண்திட்டில் ஏறி நின்று பார்த்தவராம்;
ஒன்று அவருடைய மாமியின் வேலிக்குள்ளே விழுந்ததாம்.
சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தோம்,
அவர் பார்த்துக்கொண்டு நின்றதால்.

கொப்பியைத் திருப்பித் தரவில்லை.

வரும்போது இருபது மைல் வேகம்.
பெரிய விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட்டுக்கொண்டு,
கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேர்.
மடியில் கை சும்மா கிடந்தது.
"வலது இரண்டு" என்றேன், எதையும் பாராமல்.
"சென்றி. கண்ணாடி இறக்கு. ஐசி."
"இடது நான்கு. தென்னங்குற்றி. மெல்ல."
"நேர். நூறு யார். ஒருவரையும் பார்க்காதே."
வரதன் வாய் திறக்கவில்லை.
சொன்ன இடத்தில்
சொன்ன கியரில் திருப்பினார்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தது.
பழைய எஸ்கோட்டுக்கு இப்போது சொல்லும் விலையில்
அன்றைக்கு ஒரு வளவே வாங்கியிருக்கலாம்.
கதவடியில் கறளைச் சுரண்டிக்கொண்டே,
"இது ராலி ஓடின கார்தானே அன்ரி?"

எந்த ராலியைக் கேட்கிறீர்கள் தம்பி என்றேன்.
அதற்குள் பொனற்றைத் திறந்து
தலையை உள்ளே விட்டுவிட்டான்.